கிட்டாரைக் கீழே வைத்த பிறகு

ஐந்து பேர் கொண்ட ஒரு ராக் குழு. அதில் மூன்று பேர் கிட்டார் வாசிப்பவர்கள். பாடகர் ஒருநாள் ஒரு பாட்டைக் கொண்டுவருகிறார். அதில் கிட்டாருக்கு வேலையே இல்லை. மற்ற இரண்டு பேரும் கைகளை எங்கே வைத்துக்கொள்வார்கள்?

1999இல் ரேடியோஹெட் தன் நான்காவது ஆல்பத்துக்காகக் கூடியபோது அறைக்குள் இருந்த சங்கடம் ஏறக்குறைய இதுதான். பாரிஸில் தொடங்கினார்கள். கோபன்ஹேகன் போனார்கள். கிளாஸ்டர்ஷயரில் ஒரு மாளிகையில் தங்கினார்கள். கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் தாங்களே அமைத்துக்கொண்ட ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலையை முடித்தார்கள். 2000 அக்டோபரில் 'கிட் ஏ' வெளிவந்தது. அதற்கு முந்தைய 'ஓகே கம்ப்யூட்டர்' (1997) கிட்டார் இசைக்கு இனி இதற்கு மேல் உயரமில்லை என்கிற அளவுக்குக் கொண்டாடப்பட்ட ஆல்பம். புதியதன் முதல் பாட்டிலோ ஒரு சிந்தசைசர் ஒரே சுற்றில் சுழல்கிறது; அதன் மேல் நறுக்கி, திருப்பி, சிதறடித்த ஒரு குரல் மிதக்கிறது. கடைக்காரர் உறைக்குள் வேறு தட்டை வைத்துவிட்டாரோ என்றுதான் தோன்றும்.

ஒரு குழு இப்படித் தடம் மாறும்போது சொல்ல விமர்சகர்களிடம் மூன்று வார்த்தைகள் தயாராக இருக்கும்: வளர்ச்சி, பரிசோதனை, துரோகம். பிடித்திருந்தால் முதலாவது, பிடிக்காவிட்டால் மூன்றாவது, முடிவெடுக்க முடியாவிட்டால் நடுவில் இருப்பது. மூன்றும் எனக்குப் போதவில்லை. மூன்றுமே குழுவை ஓர் ஆளாக, ஒரே மனம் உள்ள கலைஞனாக நினைத்துக்கொள்கின்றன. நாவலாசிரியர் நடையை மாற்ற வேண்டுமென்றால் தன் மேசையோடு சண்டை போட்டால் போதும். நம் சினிமா இசையிலும் இசையமைப்பாளர் ஒருவர் தீர்மானிப்பார், வாத்தியக்காரர்கள் வாசித்துவிட்டுப் போவார்கள். ராக் குழுவின் கதை அப்படியில்லை. யார் மெட்டைக் கொண்டுவருவது, யார் அதை மறுப்பது, யார் கை எந்த வாத்தியத்தில் இருப்பது, எவ்வளவு நாள் வாடகை கட்ட முடியும் என்று நாலைந்து பேருக்குள் ஓயாமல் நடக்கும் பேரத்தின் தடத்தையே நாம் வெளியிலிருந்து 'பாணி' என்று கேட்கிறோம். பேரம் மாறினால் பாணி மாறும். பேரம் அப்படியே இருந்தால், ஆளே செத்துப் போனாலும் பாணி மாறாது.

கடைசி வாக்கியம் மிகையாகத் தெரியலாம். ஏசி/டிசியைப் பாருங்கள். 1980 பிப்ரவரியில் அந்த ஆஸ்திரேலியக் குழுவின் பாடகர் பான் ஸ்காட் இறந்துபோனார். பாடகர் என்பவர் குழுவின் முகம். ரசிகன் கூடவே பாடுவது அவர் குரலை. ஐந்து மாதம் கழித்து, பிரையன் ஜான்சன் என்ற புதுக்குரலோடு 'பேக் இன் பிளாக்' வந்தது. உலகில் மிக அதிகமாக விற்ற ஆல்பங்களில் அதுவும் ஒன்று. குரல் வேறு, பாணி ஒரு மயிரிழைகூட நகரவில்லை. காரணம், அந்தக் குழுவின் பேரம் பாடகரோடு நடந்ததே இல்லை. மால்கம் யங், ஆங்கஸ் யங் என்ற இரண்டு சகோதரர்களுக்கு நடுவில்தான் நடந்தது. அண்ணன் தாளத்தை ஆணியடித்தாற்போல் நிறுத்துவார். தம்பி அதன் மேல் ஆடுவார். மறதிநோய் கண்டு 2014இல் மால்கம் விலகியபோது அவர் இடத்துக்கு யாரை அழைத்தார்கள்? சகோதரர் மகன் ஸ்டீவி யங்கை. குடும்பத் தொழிலில் பட்டறையை வெளியாருக்குக் கொடுப்பதில்லை.

இதற்கு நேர் எதிர்முனையில் ஃப்ளீட்வுட் மேக். 1967இல் லண்டனில் பீட்டர் கிரீன் தொடங்கிய ப்ளூஸ் குழு அது. ஆனால் பெயர் டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டுக்கும் பேஸ் வாசித்த ஜான் மெக்வீக்கும் உரியது. கிட்டார்காரர்கள் வந்தார்கள், போனார்கள். 1975இல் லிண்ட்ஸி பக்கிங்ஹமும் ஸ்டீவி நிக்ஸும் வந்து சேர்ந்தபோது அது கலிஃபோர்னிய பாப் குழுவாகிவிட்டது. 1977இன் 'ரூமர்ஸ்' விற்ற விற்பனைக்கு அடுத்ததும் அதே மாதிரி வேண்டுமென்று நிறுவனம் எதிர்பார்த்தது இயல்பு. பக்கிங்ஹமோ தன் வீட்டுக் குளியலறையில் மைக்கை வைத்துத் தனியாகப் பதிவுசெய்துகொண்டிருந்தார். 1979இல் வந்த 'டஸ்க்' இரட்டை ஆல்பத்தில் இரண்டு குழுக்கள் கேட்கின்றன: நிக்ஸும் கிறிஸ்டின் மெக்வீயும் எழுதிய பாட்டுகள் பழைய பளபளப்போடு, பக்கிங்ஹமின் பாட்டுகள் கரடுமுரடாக, அரைகுறையாக, பதற்றத்தோடு. தயாரிப்புச் செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. விற்பனை முந்தையதில் சிறு பங்கு. எனக்கு 'ரூமர்ஸ்' ஆல்பத்தைவிட இதுவே பிடிக்கும். ஒரே கூரையின் கீழ் பேச்சுவார்த்தை முறிந்துகொண்டிருக்கும் சத்தம் அதில் அப்படியே இருக்கிறது.

இந்தக் கதைகளின் மூலவர் பீட்டில்ஸ்தான். எவ்வளவோ எழுதியாகிவிட்டது என்பதால் எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பத்துப் பாட்டுகளைப் பதிவுசெய்தார்கள். அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெரும்பகுதி அது. முடிந்ததற்குக் காரணம் எளிது. இரவிரவாக மேடைகளில் வாசித்துத் தழும்பேறிய பாட்டுகள் அவை. ஒலிப்பதிவுக் கூடம் மேடையின் நகல் மட்டுமே. மூன்று ஆண்டுகள் கழித்து, 1966 ஏப்ரலில், 'ரிவால்வர்' ஆல்பத்துக்காக அதே ஏபி ரோடு கூடத்தில் முதலில் பதிவான பாட்டு 'டுமாரோ நெவர் நோஸ்'. ஏறக்குறைய ஒரே சுருதியில் நிற்கும் பாட்டு. மெக்கார்ட்னி வீட்டில் செய்து எடுத்துவந்த நாடா வளையங்களைக் கட்டடம் முழுக்க இருந்த டேப் எந்திரங்களில் ஓடவிட்டு, நாடா தளர்ந்துவிடாமல் இருக்கப் பணியாளர்கள் பென்சிலால் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லென்னனின் குரலை ஹாமண்ட் ஆர்கனுக்கு உரிய சுழலும் ஒலிபெருக்கி வழியாக அனுப்பினார் இளம் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக். இங்கே வாத்தியம் வாசித்தது யார்? நால்வரா, பென்சில் பிடித்தவர்களா? அதே ஆல்பத்தின் 'எலனார் ரிக்பி'யில் பீட்டில்ஸ் நால்வரில் ஒருவர்கூட வாத்தியத்தைத் தொடவில்லை. எட்டுத் தந்திவாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். இவர்கள் பாட மட்டும் செய்தார்கள்.

அந்த ஆல்பம் வந்த ஆகஸ்ட் மாதத்திலேயே அவர்கள் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தார்கள். அதிலிருந்து ஒரு பாட்டைக்கூட மேடையில் வாசிக்கவில்லை, வாசித்திருக்கவும் முடியாது. ஆகஸ்ட் 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் அரைமணி நேரத்துக்குச் சற்று மேல் பழைய பாட்டுகளை வாசித்துவிட்டு இறங்கியதோடு கட்டணக் கச்சேரிகளுக்கு முழுக்குப் போட்டார்கள். தட்டில் இருந்த குழு ஒன்று, மேடையில் இருந்த குழு வேறொன்று என்று ஆகிவிட்டது; ஒன்றைக் கைவிடத்தான் வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டின் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தில் ஹாரிசன் இந்தியக் கலைஞர்களோடு சேர்ந்து செய்த பாட்டில் மற்ற மூவருக்கும் பங்கே இல்லை. 'பீட்டில்ஸ் இந்திய இசைக்குத் திரும்பினார்கள்' என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். திரும்பியவர் ஒருவர். மற்றவர்கள் அன்று வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பாணிமாற்றத்துக்குச் சந்தையே காரணம் என்று நம்புகிறவர்கள் உண்டு. மெட்டாலிகா அவர்களுக்குப் பிடித்த உதாரணம். 1988இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தில் பாட்டுகள் ஆறேழு நிமிடம் நீண்டு, திருப்பத்துக்கு மேல் திருப்பம் எடுக்கும். 1991இல் குழுவின் பெயரையே தாங்கி வந்த கறுப்பு உறை ஆல்பத்தில் பாட்டுகள் குறுகின, வேகம் தணிந்தது, பல்லவிகளை யார் வேண்டுமானாலும் கூடப் பாடலாம் என்றாயிற்று. அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. ஆகவே விலைபோய்விட்டார்கள் என்று பழைய ரசிகர்கள் இன்றுவரை சொல்கிறார்கள். பணத்தின் பங்கை மறுக்கவில்லை. ஆனால் கூடத்துக்குள் நடந்தது இன்னொன்று. முந்தைய ஆல்பத்தில் பாகங்களைத் தனித்தனியாகப் பதிந்து அடுக்கியிருந்தார்கள்; பேஸ் கிட்டார் காதில் விழாத அளவுக்கு அடங்கிப் போயிருந்தது. புதிய தயாரிப்பாளர் பாப் ராக், நால்வரும் ஒரே அறையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாசிக்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். அப்படிச் சேர்ந்து வாசித்தால் இயல்பாகவே வேகம் குறையும், இடைவெளி பிறக்கும், பேஸ் கேட்கும். சந்தை விரும்பிய சத்தம் ஒரு நாற்காலி ஏற்பாட்டிலிருந்து பிறந்தது என்றால் மிகையாகாது. அதே தயாரிப்பாளரோடு 2003இல் அவர்கள் செய்த 'செயின்ட் ஆங்கர்' தகர டப்பாவைத் தட்டும் சத்தத்தோடு வந்தது. பாடகர் ஹெட்ஃபீல்டு குடிப்பழக்கச் சிகிச்சைக்குப் போயிருந்தார், பேஸ் வாசித்தவர் விலகியிருந்தார், மற்றவர்கள் மனநல ஆலோசகர் முன் உட்கார்ந்து ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஆவணப்படமாகவே இருக்கிறது. அந்த ஆல்பத்தை மூன்று முறைக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. ஆவணப்படத்தை ஐந்து முறை பார்த்திருக்கிறேன்.

யூடூ குழுவின் பெர்லின் கதையும் இதே வகை. 1990 அக்டோபரில், இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாகும் தருணத்தில் அங்கே போய் இறங்கினார்கள். சுவருக்குப் பக்கத்தில் இருந்த ஹான்ஸா கூடம். பாடகர் போனோவும் கிட்டார்காரர் எட்ஜும் மின்னணுத் தாளங்களோடு நடனக்கூட இசையின் பக்கம் போகத் துடித்தார்கள். டிரம்ஸ் வாசிக்கும் லாரி முல்லனுக்கோ, தாளம் எந்திரத்திலிருந்து வந்தால் தனக்கு என்ன வேலை என்ற நியாயமான கேள்வி. வாரக்கணக்கில் எதுவும் நகரவில்லை. ஒருநாள் வேறொரு பாட்டுக்காகத் தேடிக்கொண்டிருந்த இரண்டு சுரக்கோவைகளை எட்ஜ் அடுத்தடுத்து வாசித்துக் காட்ட, மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்ள, 'ஒன்' பிறந்தது. அந்தப் பாட்டு புதுப்பாணியே இல்லை, பழைய யூடூதான். ஆனால் அது கிடைத்த பிறகே நால்வரும் ஒரே பக்கம் நிற்க முடிந்தது, 'அக்டங் பேபி' ஆல்பத்தின் மற்ற பாட்டுகள் இரைச்சலுக்குள் இறங்க முடிந்தது. தயாரிப்பில் உதவிய பிரையன் ஈனோ அவ்வப்போது வந்து கேட்டு, யூடூ போலவே ஒலிப்பவற்றையெல்லாம் நீக்கச் சொல்வாராம். குழு தன்னிடமிருந்தே தப்பிக்க வெளியாள் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் விநோதம் வேறெந்தக் கலையிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம்விட ஆழமாகப் போன மாற்றம் ஒன்று உண்டு. அதை நடத்தியவர்களை இன்று பெயர் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. டாக் டாக் 1981இல் லண்டனில் உருவான குழு. 1982இல் வந்த முதல் ஆல்பம் அக்காலத்து சிந்தசைசர் பாப். அதே ஜாடையில் அன்று இருபது குழுக்கள் இருந்திருக்கும். 1984இல் 'இட்ஸ் மை லைஃப்' ஐரோப்பா முழுக்க ஒலித்தது. 1986இல் 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' நன்றாக விற்றது. அந்த விற்பனைதான் இங்கே முக்கியம். வெற்றி தந்த பணத்தைக் கொண்டு பாடகர் மார்க் ஹாலிஸ் வாங்கியது ஒன்றே ஒன்று: அளவற்ற நேரம்.

1987இல் வடக்கு லண்டனின் வெஸெக்ஸ் கூடத்துக்குள் போனார்கள். பழைய தேவாலயக் கூடமாக இருந்த கட்டடம் அது. விளக்குகளை அணைத்துவிட்டார்கள். எண்ணெய்க் குமிழ்களைச் சுவரில் வீசும் விளக்கும் விட்டுவிட்டு மின்னும் ஒளியும் மட்டும். இருட்டில் மாதக்கணக்கில் வேலை நடந்தது. வயலின் கலைஞர் நைஜல் கென்னடி, டபுள் பேஸ் வாசிக்கும் டேனி தாம்சன் முதலான பலர் வந்து, முன்னேற்பாடு இல்லாமல் தோன்றியதை வாசித்துவிட்டுப் போவார்கள். ஹாலிஸும் உடன் எழுதிய டிம் ஃப்ரீஸ்-கிரீனும் ஒலிப்பதிவாளர் ஃபில் பிரவுனும் அதில் பெரும்பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டு, சில நொடிகளை மட்டும் பொறுக்கிக் கோத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத வாத்தியக்காரர்கள் ஒரே அறையில் மூச்சு விடுவது போன்ற அந்த இசை கத்தரிக்கோலால் ஆனது. 1988இல் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' வந்தது. ஆறு பாட்டு, நாற்பது நிமிடத்துச் சொச்சம். முதல் பாட்டில் தாளம் வந்து சேர்வதற்குள் வானொலிக்காரர் இரண்டு பாட்டு ஒலிபரப்பி முடித்திருப்பார். கச்சேரி கிடையாது, இதை மறுபடி வாசிக்க முடியாது என்பது ஹாலிஸின் வாதம். அவர் சொன்னது சரிதான், ஒருமுறைகூட அது வாசிக்கப்படவே இல்லையே.

அதை வெளியிட்ட இஎம்ஐ நிறுவனத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒப்பந்தத்தை ஒட்டி விவகாரம் நீதிமன்றம் போனது. மேல்முறையீட்டில் குழுவுக்கு விடுதலை கிடைத்தது. நிறுவனம் பிறகு பழைய பாட்டுகளைப் பிறரிடம் கொடுத்துக் கலந்து, அனுமதியில்லாமல் ஒரு ஆல்பம் வெளியிட்டது. குழு வழக்குப் போட்டு அதைத் திரும்பப் பெற வைத்தது. 1991இல் வேறு நிறுவனத்துக்காக 'லாஃபிங் ஸ்டாக்' என்ற ஆல்பம். ஹாலிஸ் 1998இல் தன் பெயரில் ஒன்றே ஒன்று செய்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். 2019இல் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளைப் படித்தவர்கள், இந்த மனிதர் கோடிக்கணக்கில் விற்றவர் என்று நினைத்திருப்பார்கள்.

டாக் டாக் கதையில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு. டிரம்ஸ் வாசித்த லீ ஹாரிஸ் இறுதிவரை இருந்தார். பேஸ் வாசித்த பால் வெப் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' முடிந்ததும் போய்விட்டார். இசை விரிய விரியக் குழு சுருங்கியது. 1994வாக்கில் சைமன் ரெனால்ட்ஸ் என்ற விமர்சகர் 'போஸ்ட்-ராக்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ராக் வாத்தியங்களை வைத்துக்கொண்டு ராக் அல்லாததைச் செய்வது என்று அதற்கு விளக்கம். பிற்காலத்தில் டாக் டாக்கை அதன் முன்னோடி என்றார்கள். பெயர் பொருத்தம்தான். ஆனால் அது குழுவுக்கும் பிந்தியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பேரமே இல்லாத, ஒருவர் முடிவெடுத்து மற்றவர் கத்தரிக்கும் இசை.

வாத்தியம் மாறினாலே போதும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஆர்க்டிக் மங்கீஸ். ஷெஃபீல்டு பையன்கள். 2006இல் அவர்களுடைய முதல் ஆல்பம் பிரிட்டனில் ஒரே வாரத்தில் 3,60,000க்கு மேல் விற்றது. இரவு விடுதி வாசலில் நடக்கும் தள்ளுமுள்ளை வேகவேகமான கிட்டாரில் சொல்லும் பாட்டுகள். 2013இன் 'ஏஎம்' ஆல்பத்தின் கனத்த ரிஃப்கள் அவர்களை அரங்கம் நிறைக்கும் குழுவாக்கின. பாடகர் அலெக்ஸ் டர்னரின் முப்பதாவது பிறந்தநாளுக்கு மேலாளர் ஒரு ஸ்டீன்வே பியானோ பரிசளித்தார். லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் அதன் முன் தனியாக உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். 2018இல் வந்தது நிலாவில் இருக்கும் ஒரு கற்பனை விடுதியைப் பற்றிய ஆல்பம். மெதுவான, நீளமான வாக்கியங்கள். கிட்டார் ஓரத்தில் நின்று தலையசைக்கிறது. ரசிகர்கள் காரணங்களைத் தேடினார்கள்: வயது, ஹாலிவுட், தலைக்கனம். பியானோவை யாரும் குறை சொல்லவில்லை. கிட்டார் பிடித்தபடி எழுதும்போது விரல்கள் பழகிய தடத்தில் ஓடும். பாட்டின் வாக்கியம் ரிஃபின் நீளத்துக்கு வெட்டப்படும். பியானோவில் அந்த வேலி இல்லை. 2022இன் 'தி கார்' ஆல்பத்தில் தந்திவாத்தியங்களும் சேர்ந்துகொள்ள, பழைய குழுவின் அடையாளமாக எஞ்சியது டர்னரின் உச்சரிப்பு மட்டுமே. அதிலும் ஷெஃபீல்டு வாசனை பாதி போய்விட்டது.

இனி மறுபடி ரேடியோஹெட். ஐவரும் ஆபிங்டன் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள், இன்றுவரை ஆள் மாறாத குழு. ஆகவே நம் கேள்விக்கு இதைவிடச் சுத்தமான சோதனைக்களம் கிடைக்காது: ஆள் மாறவில்லை, பாணி மட்டும் மாறியது. 1992இல் அவர்களை உலகறியச் செய்த 'கிரீப்' பாட்டில் பல்லவிக்கு முன் கிட்டார் இரண்டு மூன்று முறை கரகரவென்று வெடிக்கும். பாட்டு மிகவும் சாதுவாக இருக்கிறதே என்ற எரிச்சலில் கிட்டார்காரர் ஜானி கிரீன்வுட் அதைக் கெடுக்க நினைத்து வாசித்தது அது. கெடுக்க வந்த சத்தமே பாட்டின் உயிராகிவிட்டது. குழுவுக்குள் நடக்கும் பேரத்துக்கு இதைவிடச் சின்ன, துல்லியமான சான்று இல்லை: ஒருவர் பாடுகிறார், இன்னொருவர் ஆட்சேபிக்கிறார், இரண்டும் சேர்ந்து பாட்டாகிறது.

'ஓகே கம்ப்யூட்டர்' சுற்றுப்பயணம் முடிந்தபோது பாடகர் தாம் யார்க் உடைந்துபோயிருந்தார். தன் குரலையே தானே கேட்கச் சகிக்கவில்லை. வானொலியைத் திருப்பினால் தன்னைப் போலப் பாடும் பத்துப் பேர். கார்ன்வாலில் ஒரு வீடு வாங்கி, படம் வரைந்துகொண்டு, தெரியாத வாத்தியமான பியானோவில் விரல் தட்டிக்கொண்டிருந்தார். வார்ப் நிறுவனத்தின் மின்னணு இசைத் தட்டுகளை வாங்கிக் குவித்தார். சொற்களைச் சீட்டுகளில் எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கி எடுத்துப் பாட்டு கட்டினார். மற்றவர்களிடம் அவர் கொண்டுவந்தவை சில நேரம் முழுப் பாட்டுகூட இல்லை. ஒரு தாளத்துண்டு, ஒரு சத்தம். இதற்கு எப்படி வாசிப்பது? இன்னொரு கிட்டார்காரரான எட் ஓப்ரையன் அந்த மாதங்களில் எழுதி வெளியிட்டுவந்த நாட்குறிப்பில் குழப்பமும் பொறுமையும் மாறிமாறி வரும். வெளியிடத் தகுந்த ஒரு ஆல்பத்தில் ஐவருக்கும் உடன்பாடு வராவிட்டால் கலைந்துவிடுவது என்று பேசிவைத்துக்கொண்டதாகவும் பின்னால் சொன்னார்கள்.

முடிச்சை அவிழ்த்ததில் தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச்சுக்குப் பங்கு உண்டு. அவர் குழுவை இரண்டு அணிகளாகப் பிரித்து இரண்டு அறைகளில் உட்காரவைத்தார். ஓர் அணி ஏதாவது சத்தம் உண்டாக்கி அனுப்பும், மற்றது அதைச் சிதைத்து வடிவம் கொடுக்கும். கிட்டாரும் டிரம்ஸும் கூடாது என்பது விதி. அந்தப் பயிற்சியிலிருந்து முழுப் பாட்டு எதுவும் பிறக்கவில்லை. ஆனால் கிட்டார்காரர் என்ற பதவியைத் துறந்த பிறகும் அறையில் தங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துபோனது.

ஜானி கிரீன்வுட் 1928இல் மாரிஸ் மார்ட்னோ அறிமுகப்படுத்திய ஓந்த் மார்ட்னோ என்ற மின்வாத்தியத்தை எடுத்துக்கொண்டார். பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியான் வழியாகப் பள்ளிக்காலத்திலேயே அவரைப் பிடித்த பித்து அது. தந்திவாத்தியங்களுக்கு இசைக்குறிப்பு எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டு அருகே டார்செஸ்டர் மடாலயத்தில் அது பதிவானது. ஏறக்குறைய ஐம்பது நிமிடத்துக்குத் தாளமும் சத்தமும் கலந்த ஒரு பதிவை யார்க்கிடம் கொடுத்தார். யார்க் அதில் ஒரு நிமிடம்கூட வராத துண்டை வெட்டியெடுத்து 'இடியோடெக்' ஆக்கினார். அந்தத் துண்டில் சுழலும் நான்கு சுரக்கோவைகள், பால் லான்ஸ்கி என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1973இல் கணினியில் செய்த படைப்பிலிருந்து வந்தவை. எட் ஓப்ரையன்? ஆல்பத்தின் நடுவில் 'ட்ரீஃபிங்கர்ஸ்' என்று வார்த்தையில்லாத ஒன்று வரும். பனிமூட்டம் நகர்வது போல் இருக்கும். சிந்தசைசர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அது ஓப்ரையனின் கிட்டார். யார்க் அதை வெட்டி நீட்டி உருத்தெரியாமல் ஆக்கியிருக்கிறார். கிட்டார் போய்விட்டது என்று எழுதியவர்கள் கிட்டாரைக் கேட்டுக்கொண்டேதான் எழுதியிருக்கிறார்கள்.

விமர்சனங்கள் பிளந்து நின்றன. 'நியூயார்க்கர்' இதழில் நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி சலித்துக்கொண்டார். பிரிட்டனின் 'மெலடி மேக்கர்' ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம் போட்டது. பிட்ச்ஃபோர்க் பத்துக்குப் பத்து கொடுத்தது. தனிப்பாட்டு வெளியிடவில்லை, வழக்கமான வீடியோ எடுக்கவில்லை; ஆனாலும் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அந்த நாட்டில் அவர்களுக்கு அதுவே முதல்முறை. இன்று ஹார்ன்பியைக் கேலி செய்வது எளிது. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது என்று நான் நினைக்கிறேன். இத்தகைய ஆல்பத்துக்குப் பழகப் பொழுதும் பொறுமையும் வேண்டும். வேலைக்குப் போய் வீடு திரும்பும் மனிதருக்கு அது எங்கே கிடைக்கும் என்பது அவர் கவலை. பழைய பாணியை இழந்த ரசிகனின் துக்கத்தைப் பழமைவாதம் என்று தள்ளுவது விமர்சகர்களின் சோம்பல். அவன் இழந்தது ஓர் ஒலியை மட்டுமில்லை. யார்க்கின் குரலும் கிரீன்வுட்டின் கிட்டாரும் ஒன்றையொன்று இடைமறிக்கும் ஓர் உரையாடலை அவன் பல ஆண்டுகளாகப் பக்கத்து மேசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் திடீரென்று வேறு மொழியில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அதன் பிறகு அவர்கள் மாறியவிதமும் இப்படித்தான். 2003இன் ஆல்பம் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு வாரத்தில் பதிவானது. மேடைக்குழுவின் சத்தம் திரும்பியது. 2007இல் 'இன் ரெயின்போஸ்' விரும்பிய விலைக்கு என்று வெளியானதைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். ஐவரும் ஒன்றாக வாசிக்கும் இன்பம் அதில் எந்த ஆல்பத்தைவிடவும் அதிகம் என்பது அந்தப் பேச்சில் அமுங்கிவிட்டது. 2011இன் 'தி கிங் ஆஃப் லிம்ப்ஸ்' தாள வளையங்களை வெட்டி ஒட்டிச் செய்தது. எட்டே பாட்டு, பாதியில் எழுந்துபோன விருந்து மாதிரி எனக்குப் படும். மேடையில் அதை வாசிக்க இரண்டாவது டிரம்ஸ்காரரைச் சேர்க்க வேண்டியிருந்தது. 2016இன் 'எ மூன் ஷேப்டு பூல்' தந்திவாத்தியங்களால் நிறைந்தது. அதற்குள் ஜானி கிரீன்வுட் திரைப்பட இசையமைப்பாளராகப் பல ஆண்டு உழைத்திருந்தார், 2015இல் ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டையில் ராஜஸ்தானிக் கலைஞர்களோடு 'ஜுனூன்' பதிவில் உட்கார்ந்திருந்தார். 'எ மூன் ஷேப்டு பூல்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ட்ரூ லவ் வெயிட்ஸ்'. 1995இலிருந்தே யார்க் தனிக் கிட்டாரோடு மேடையில் பாடிவந்த அதை, எவ்வளவு முயன்றும் குழுவால் இருபது ஆண்டுகளாகக் கூடத்தில் பதிந்த ஆல்பம் ஒன்றுக்குள் கொண்டுவர முடியவில்லை. மெட்டு அதே மெட்டு; கிட்டார் போய், ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுமாறும் பியானோ சுரங்கள் வந்தபோதுதான் அதற்கு இடம் கிடைத்தது.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 'கிட் ஏ'யின் முதல் பாட்டு, அந்தச் சிந்தசைசரும் சிதறிய குரலும், ஆல்பத்தில் நான்கு நிமிடத்துச் சொச்சம். அதை மேடையில் வாசிக்க முடியாது என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். 2001 இறுதியில் வந்த நேரடிப் பதிவில் அது ஏழரை நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. அந்த ஆண்டுகளின் கச்சேரிப் படங்களில் பார்க்கலாம்: யார்க் விசைப்பலகை முன் பாடுகிறார். கிட்டார்காரர்கள் இருவரும் கிட்டாரைக் கழற்றிவைத்துவிட்டுத் தரையில் குந்தியிருக்கிறார்கள். முன்னால் சின்னச் சின்னப் பெட்டிகள். பாடுகிறவரின் குரலை அந்தக் கணமே பிடித்து, நறுக்கி, பின்னோக்கி ஓட்டி அவர் மேலேயே திருப்பி வீசுகிறார்கள். யார்க் பாடி முடித்து எழுந்து போய்விடுகிறார். அவர் குரல் போகவில்லை. இருவரும் குனிந்த தலை நிமிராமல் அதைத் திருகிக்கொண்டே இருக்கிறார்கள்.